ஷமீமின் ஐந்தாவது கேள்வி

புதிதாக வந்து சேர்ந்திருக்கும் உங்களுக்கு என்னைப் பற்றி ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். கோபக்காரர், வாய் ஓயாதவர், ஆனால் செத்த மெஷினையும் எழுப்பி உட்கார வைத்துவிடுவார் என்று. மூன்றும் உண்மைதான். மேற்குத் தாம்பரத்தில் ஒரு சின்னக் கடை போட்டு வருடக்கணக்காகக் கணினி பழுது பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நம் குழுவோடு சேர்ந்து, கேட்டவர்களுக்கெல்லாம் விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டுக் கொடுத்தேன். இப்போது கண் மங்கிவிட்டது. சின்னத் திருகாணியைப் பிடித்தால் கை நடுங்குகிறது. கடையை விட்டாயிற்று. போவதற்கு முன் புதியவர்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். நல்ல வார்த்தை என்னிடம் அவ்வளவாக இல்லை. நான் செய்த தப்பு ஒன்று இருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

ஒருவருடைய கணினியில் லினக்ஸ் போடுவது உங்களுக்கு இப்போது காபி ஆறுவதற்குள் முடிகிற வேலை. இரண்டாயிரங்களின் நடுவில் அது ஒரு கல்யாண வேலை. பத்துப் பேர் கைமாறிக் கீறல் விழுந்த சிடிதான் கிடைக்கும். பாதியில் நின்றுவிடும். துணியால் துடைத்து, வாயால் ஊதி, சாமி கும்பிட்டு மறுபடி போட வேண்டும். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியை ஞாயிற்றுக்கிழமை மட்டும் நமக்குச் சும்மா கொடுத்திருந்தார்கள். ஆட்டோவிலும் சைக்கிள் கேரியரிலும் கணினியைக் கட்டிக்கொண்டு ஜனங்கள் வருவார்கள். ஒருவருக்குப் போட்டு முடித்ததும் எல்லோரும் கை தட்டுவோம். அந்தக் கைதட்டல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். என் தப்பு அங்கேதான் ஆரம்பித்தது என்று நினைக்கிறேன்.

குழுவை நடத்தியவர் ஒரு பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. நாங்கள் எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிடுவோம். அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். உதவி செய்கிறவர் கணினிக்கு முன்னால் உட்காரக் கூடாது. பக்கத்தில் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயால் மட்டும் சொல்ல வேண்டும். விசைப்பலகையைத் தொடுவது கணினிக்குச் சொந்தக்காரர் மட்டும்தான். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினாலும் சரி.

எனக்கு அது தாங்காது. பழகிய கை சும்மா இருக்குமா? ஒருமுறை பொறுக்க முடியாமல் ஒரு பையனின் விசைப்பலகையை இழுத்து நானே தட்டிவிட்டேன். டீச்சர் எல்லோர் முன்னாலும் சொன்னார்:

"சார், உங்க வேகத்தைக் காட்டுறதுக்கு அவன் எதுக்கு? வீட்டுல தனியா உக்காந்து போட்டுப் பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றுவிட்டது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஷமீம் என் கடைக்கு வாடிக்கையாக வருகிறவர். பீர்க்கன்கரணையில் ஏரிக்குப் பக்கத்தில் வீடு. கணவர் சாதிக் பாய்க்குத் தாம்பரம் மார்க்கெட்டில் கைக்கடிகாரம் பழுது பார்க்கிற கடை. ஷமீம் வீட்டிலிருந்தபடியே கல்லூரி மாணவர்களின் ஆய்வேடுகளைத் தமிழில் டைப் செய்து கொடுப்பார். வேகத்தில் அவரைவிடக் கெட்டிக்காரர்கள் உண்டு. ஆனால் ஷமீம் கேள்வி கேட்பார். கையெழுத்து புரியவில்லை என்றால் குத்துமதிப்பாக அடித்துவிட மாட்டார். போனைப் போட்டு, "மேடம், நாப்பத்தோராம் பக்கத்துல இது 'கரை'யா 'கறை'யா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவார். அந்தம்மாவிடம் கொடுத்தால் தப்பே வராது என்று கல்லூரிப் பக்கம் ஒரு பேர் இருந்தது. அவருடைய தொழிலுக்கு அந்தப் பேர்தான் எல்லாம்.

அவருக்கு ஒரே தொல்லை வைரஸ். மாணவர்கள் கொண்டுவரும் ஃப்ளாப்பியிலும் பென் டிரைவிலும் ஊரில் உள்ள வைரஸ் அத்தனையும் வரும். மாதம் ஒருமுறை சாதிக் பாய் ஸ்கூட்டரில் கணினியைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வருவார். "சார், பேஜாரா கீது சார் இது. என் வாட்ச்சுல பூச்சி பூந்தா ஊதினா போயிடும். இதுக்கு இன்னா பண்றது?" என்பார்.

நான்தான் சொன்னேன், லினக்ஸ் போட்டுவிடலாம் என்று. வைரஸ் வராது, யாருக்கும் காசு தர வேண்டாம், திருட்டு சிடி வேண்டாம். சொன்னதெல்லாம் உண்மைதான். சொல்லாத உண்மை ஒன்றும் இருந்தது. அதுவரை நம் ஞாயிற்றுக்கிழமை முகாமுக்கு வந்தவர்கள் எல்லாம் இன்ஜினியரிங் படிக்கிற பையன்கள். வீட்டில் டைப் செய்து பிழைக்கிற ஒரு பெண்மணியை லினக்ஸுக்கு மாற்றினால் குழுவில் என் பெயர் எங்கேயோ போய்விடும். டீச்சர்கூட வாயடைத்துப் போவார். அந்த ஆசையோடுதான் ஷமீமை அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன்.

அவர் அப்போது செய்துகொண்டிருந்தது ஒரு எம்.ஃபில். மாணவியின் ஆய்வேடு. செங்கல்பட்டு வட்டாரத்து ஏரிகளின் பெயர்களைப் பற்றியது. நூற்றெண்பது பக்கம், நான்கு மாத வேலை. முடித்தாயிற்று. கடைசித் திருத்தம் மட்டும் பாக்கி, வெள்ளிக்கிழமை கல்லூரியில் ஒப்படைக்க வேண்டும். இதை ஷமீம் என்னிடம் முதலிலேயே சொன்னார். வெள்ளிக்கிழமை கழித்துப் போடலாமா என்றும் கேட்டார். "அதுக்குள்ள இன்னொரு வைரஸ் வந்து மொத்தமும் போச்சுன்னா?" என்று நான்தான் பயமுறுத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கே சாதிக் பாய் கணினியை மாடிக்குத் தூக்கி வந்து வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். ஷமீம் கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு.

"அண்ணா, மறந்துடுவேன்னு எல்லாத்தையும் எழுதி எடுத்துட்டு வந்திருக்கேன். மொத்தம் ஒம்போது கேள்வி."

"ஒம்போதா? என்னம்மா, எனக்குப் பரீட்சை வைக்கிறியா?"

சிரித்தார். நோட்டைப் பிரித்து, முதல் வரியில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

"பிரிண்டர் வேலை செய்யுமா அண்ணா?"

"செய்யும்."

"பசங்க பென் டிரைவைப் போட்டா வைரஸ் ஏறுமா?"

"ஏறாது."

"பழைய விண்டோஸையும் ஒரு ஓரமா வச்சுக்கலாமா? பழகுற வரைக்கும்?"

இந்த மூன்றாவது கேள்விதான் என்னைக் கிளப்பிவிட்டது. இரண்டையும் வைத்துக்கொள்ளலாம், தாராளமாக வைத்துக்கொள்ளலாம். பாதிப் பேர் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் அப்படி வைத்துக்கொண்டவர்கள் ஒரே வாரத்தில் பழையதற்கே போய்விடுவதை நான் பார்த்திருந்தேன். அது எனக்கு அவமானமாக இருக்கும். அதனால் சுதந்திரம், அடிமைத்தனம், திருட்டு சிடி என்று பத்து நிமிடம் பிரசங்கம் செய்தேன். ஷமீம் விரலை நோட்டிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் ஐந்து பேர் கணினியோடு காத்திருந்தார்கள்.

"நாலாவது அண்ணா..."

"மீதியெல்லாம் போட்டப்புறம் தன்னால புரியும்மா. நீ முதல்ல அந்த நோட்டை மூடு."

மூடினார்.

"கொஞ்சம் நகந்துக்கோ" என்றேன். அவர் எழுந்து நின்றார், நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். டீச்சர் மாடியின் அந்தக் கோடியில் இருந்தார். அவர் இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் கையை மடியில் வைத்துக்கொள்வேன், திரும்பிக்கொண்டதும் மறுபடி தட்டுவேன். பரீட்சையில் பார்த்து எழுதுகிறவனுக்கும் எனக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. வயது மட்டும் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

நான் கவனமில்லாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். ஷமீமின் ஆவணங்கள் அத்தனையையும் இரண்டு சிடிகளில் எடுத்தேன். எத்தனை ஃபைல் என்று எண்ணிச் சரிபார்த்தேன். ஒன்றுகூட விடவில்லை. அதற்குப் பிறகுதான் லினக்ஸ் சிடியைப் போட்டேன். எந்த மொழி, எந்த ஊர் நேரம், ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதை எல்லாம் அழித்துவிடலாமா, நிச்சயமாகவா என்று அது ஒவ்வொன்றாகக் கேட்டது. மெஷின் கேட்ட கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னேன்.

மதியம் வேலை முடிந்தது. சிடியிலிருந்து ஃபைல்களைத் திரும்ப ஏற்றி, எல்லாம் வரிசையாக இருப்பதைக் காட்டினேன். எதையும் திறந்து காட்டவில்லை. திறக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள். ஷமீம் கூச்சத்தோடு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தார். மாலையில் சாதிக் பாய் ஒரு பை நிறையச் சமோசாவோடு வந்தார். நான் நாலு சமோசா சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை காலை கடைக்குப் போன் வந்தது.

"அண்ணா, ஆய்வேட்டைத் திறந்தா எழுத்தெல்லாம் இங்கிலீஷா தெரியுது. நான் ஏதாவது தப்பாத் தட்டிட்டேனா?"

கேட்டவுடனே எனக்குப் புரிந்துவிட்டது.

உங்களில் பலருக்கு இது தெரிந்திருக்காது. இன்றைக்குத் தமிழில் எதை எழுதினாலும் எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரிகிறது. அன்றைக்கு, டைப் செய்து அச்சுக்குத் தயாராக்கிக் கொடுக்கும் டிடிபி கடைகளில் அப்படி இல்லை. உள்ளே பதிவாகிறது எல்லாம் ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளும் கோடுகளும்தான். அவற்றுக்கு மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுவது எழுத்துரு என்கிற ஒரு தனி ஃபைல். ஒவ்வொரு கடைக்காரரும் ஒவ்வொரு எழுத்துருவை வைத்திருப்பார், ஒன்றுக்கு ஒன்று ஒத்துப்போகாது. ஷமீமின் எழுத்துரு அவருடைய ஆவணங்களோடு இருக்கவில்லை, விண்டோஸின் வயிற்றுக்குள் இருந்தது. விண்டோஸை அழித்தபோது அதையும் அழித்துவிட்டேன். நூற்றெண்பது பக்கமும் பத்திரமாக இருந்தன. ஒரு வரியைக்கூட யாராலும் படிக்க முடியவில்லை.

மொபெட்டை எடுத்துக்கொண்டு பீர்க்கன்கரணைக்குப் போனேன். ஷமீம் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். திரை முழுவதும் குப்பை. அந்த எழுத்துருவை யார் போட்டுக் கொடுத்தது என்று கேட்டேன். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் டிடிபி கடை வைத்திருந்த ஒருவர் கணினி வாங்கிய புதிதில் வந்து ஏற்றிக் கொடுத்தாராம். கடையை மூடிவிட்டு ஷார்ஜாவுக்குப் போய்விட்டாராம். சிடி எதுவும் கொடுக்கவில்லையாம். எழுத்துரு என்று தனியாக ஒன்று இருப்பதே ஷமீமுக்குத் தெரியாது. அதைத் தெரிந்துவைத்துக்கொள்வது என் வேலை.

"குடிக்க ஏதாவது கொண்டு வரேன் அண்ணா" என்று உள்ளே போனார். விசைப்பலகைக்குப் பக்கத்தில் அந்த நாற்பது பக்க நோட்டு பிரித்தபடி கிடந்தது. முதல் மூன்று கேள்விகளுக்கு நேராக என் பதிலைச் சின்னதாக எழுதியிருந்தார். நாலாவதிலிருந்து காலி. ஐந்தாவது இப்படி இருந்தது: 'என்னுடைய தமிழ் எழுத்து அதில் தெரியுமா? பழைய ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு அழிக்கச் சொல்ல வேண்டும்.'

இரண்டு முறை படித்தேன். உள்ளே டம்ளர் சத்தம் கேட்டது. நோட்டை மூடி, விசைப்பலகைக்கு அடியில் தள்ளிவைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்கே நான் பல காரணங்கள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். உண்மையான காரணம் பயம்தான்.

ஷமீம் சர்பத்தோடு வந்தார். "வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாயிடும்ல அண்ணா?"

"ஆயிடும்மா. நான் பாத்துக்கிறேன்."

குத்துமதிப்பாக எதையும் அடிக்காத ஒருவரிடம் நான் குத்துமதிப்பாகச் சொன்ன பதில் அது.

ஷமீமிடம் பழைய திருத்தப் பிரதியில் பத்துப் பதினைந்து பக்கங்கள் அச்சில் இருந்தன. அதில் ஒரு தாளை வாங்கிக்கொண்டு, செவ்வாய்க்கிழமை குரோம்பேட்டை, புதன்கிழமை பல்லாவரம் என்று டிடிபி கடை கடையாக ஏறி இறங்கினேன். தாளைக் காட்டி, இந்த எழுத்துரு இருக்கிறதா என்று கேட்பேன். தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "நம்மளுது இல்ல சார் இது" என்பார்கள். ஒருவர், "'ழ'வைப் பாத்தா எங்குளுது மாரி கீது" என்று ஆசை காட்டினார். அவருடைய எழுத்துருவை எடுத்துப் போட்டுப் பார்த்ததில் குப்பை வேறு குப்பையாக மாறியது, அவ்வளவுதான்.

இந்த வேலையில் எவ்வளவோ நெருக்கடிகளைப் பார்த்திருக்கிறேன். நெருக்கடியில் ஒருவன் என்ன செய்கிறான் என்பதைவிட, யாரிடம் சொல்லாமல் இருக்கிறான் என்பதைப் பாருங்கள். டீச்சர் வீடு என் கடையிலிருந்து பத்து நிமிட நடை. புதன்கிழமை சாயங்காலம் பல்லாவரத்திலிருந்து திரும்பும்போது அவர் தெரு முனையில் மொபெட்டை நிறுத்தினேன். மாடியில் விளக்கு எரிந்தது. போய்ச் சொன்னால் என்ன ஆகும்? 'கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னேனே' என்பார். அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்களே, அந்தச் சிரிப்பு மறுபடி கேட்டது. பத்து நிமிடம் நின்றிருப்பேன். நாளைக்கு இன்னும் இரண்டு கடை பாக்கி இருக்கிறது, அங்கே கிடைத்துவிடும் என்று எனக்கே சொல்லிக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன். என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஷமீமின் வியாழக்கிழமையைச் செலவழித்தேன்.

வியாழக்கிழமை மதியம் அந்த மாணவிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பாவம், அவர் என்ன செய்வார்? வெள்ளிக்கிழமை தவறினால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். கையெழுத்துப் பிரதியைத் திருப்பி வாங்கிக்கொண்டு மாம்பலத்தில் ஒரு பெரிய டிடிபி சென்டருக்கு ஓடினார். அங்கே நாலு பேர் பிரித்துக்கொண்டு அடித்தார்கள். வெள்ளிக்கிழமை கல்லூரி மூடுவதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டார். பக்கத்துக்குப் பக்கம் எழுத்துப்பிழை இருந்ததாகக் கேள்விப்பட்டேன்.

சனிக்கிழமை சாதிக் பாயின் கடைக்குப் போனேன். கண்ணில் மாட்டியிருந்த சின்னப் பூதக்கண்ணாடியைக் கழற்றாமலே பேசினார்.

"மிசினு ஓடுதுன்ற. ஃபைலு அல்லாம் கீதுன்ற. அப்பால இன்னாத்துக்கு சார் இவ சோறு துன்னாம உக்காந்துகினு கீறா? அந்தப் பொண்ணு வூட்டுக்கே வந்து கத்திச்சு. உங்களை நம்பித்தானே குடுத்தேன்னு கேட்டுச்சு. இவ தலையக் குனிஞ்சிக்கினு நின்னா. உம் பேரை ஒரு வார்த்த சொல்லல சார். அத்தச் சொல்லத்தான் நான் உன்னைத் தேடினேன்."

மன்னிச்சிடுங்க பாய் என்றேன். அவர் ஒரு கடிகாரத்தை எடுத்துக் காதில் வைத்துக் கேட்க ஆரம்பித்தார்.

மூன்று வாரம் கழித்துத்தான் டீச்சரிடம் சொன்னேன். இனி மறைத்து ஒரு லாபமும் இல்லை என்று ஆன பிறகு. அவர் திட்டவே இல்லை. "அந்த அச்சுத் தாள் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். கொடுத்தேன். ஒரு பக்கம் அச்சில் இருந்த தமிழ், இன்னொரு பக்கம், நான் எடுத்துவைத்திருந்த சிடியைப் போட்டதும் திரையில் வந்த குப்பை. இரண்டையும் பக்கத்தில் வைத்து, இந்தக் குறிக்கு இந்த எழுத்து, இந்தக் குறிக்கு இந்தக் கொம்பு என்று ஒரு கோடு போட்ட தாளில் அட்டவணை எழுத ஆரம்பித்தார். மூன்று மணி நேரம் ஆனது. பிறகு அந்த அட்டவணைப்படி கணினியில் ஒவ்வொன்றாக மாற்றினோம். முதல் பக்கத்தில் 'ஏரிகளின் பெயர்கள்' என்று தமிழில் எழுந்து வந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. டீச்சர் பார்க்காததுபோல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு திங்கக்கிழமை சாயங்காலமே வந்து சொல்லியிருந்தா, செவ்வாய்க்கிழமை காலையில அந்தப் பொண்ணு திருத்தம் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கும் சார்" என்றார்.

நூற்றெண்பது பக்கத்தையும் ஒரு சிடியில் போட்டு, மார்க்கெட்டில் சாதிக் பாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். எல்லாம் திரும்பி வந்துவிட்டது என்றேன். அவர் சிடியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார்.

"இத்த எதுல சார் போட்டுப் பாக்குறது? கம்ப்யூட்டரைத்தான் போன வாரம் குடுத்துட்டோமே."

கல்லூரிப் பக்கம் பேச்சு பரவிவிட்டது. அந்தம்மாவிடம் கொடுத்தால் காணாமல் போய்விடும் என்று. பிறகு யாரும் வேலை கொண்டுவரவில்லை. ஷமீம் தாம்பரத்தில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலைக்குப் போய்விட்டார். அங்கே கேள்வி கேட்க ஒன்றும் இல்லை, விலைச்சீட்டில் இருப்பதை அடித்தால் போதும்.

அதற்குப் பிறகு நான் எப்படி வேலை செய்தேன் என்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கிழவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறான் என்று கேலி செய்வீர்கள். வருகிறவரின் மிகப் பழைய ஃபைல் ஒன்றை லினக்ஸில் திறந்து காட்டி, அவர் வாயால் "சரி" என்று சொன்ன பிறகுதான் எதையும் அழிக்க விடுவேன். கேட்கிறவர் கேட்டு முடிக்கிற வரை பின்னால் ஐம்பது பேர் நின்றாலும் காத்திருக்கட்டும் என்பேன். தப்பு நடந்தால் அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் யாரிடமாவது சொல்லிவிடுங்கள் என்று உங்களை நச்சரிப்பேன். இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும். இத்தோடு முடித்துக்கொண்டால் நான் திருந்தியவன் ஆகிவிடுவேன். ஆனால் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது.

அந்த மாதிரி ஐந்தாறு வருடம் போயிருக்கும். பொங்கலுக்கு முதல் நாள் பெருங்களத்தூரில் பஸ்ஸுக்கு நின்றேன். பொங்கலுக்கு முதல் நாள் பெருங்களத்தூர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். ஜிஎஸ்டி ரோடு முழுக்க மூட்டையும் குழந்தையும் ஹாரன் சத்தமும். கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல்.

"சார், நல்லா இருக்கீங்களா?"

ஷமீம். கையில் இரண்டு பை. உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது, கண்ணாடி போட்டிருந்தார். சிரிப்பு மட்டும் அதே சிரிப்பு. முன்பெல்லாம் என்னை அண்ணா என்று கூப்பிட்டவர், சார் என்றார்.

"நல்லா இருக்கேம்மா. பாய் எப்படி இருக்கார்?"

"இருக்காரு சார். கண்ணுதான் கொஞ்சம் சரியில்ல. நீங்க இன்னும் ஞாயித்துக்கிழமையில லினக்ஸ் போட்டுக் குடுக்குறீங்களா?"

"குடுக்குறேம்மா."

"நல்லது சார். நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"நீங்க அன்னைக்கு நல்லதுக்குத்தான் செஞ்சீங்க சார். அவர்கிட்டயும் அதையேதான் சொல்வேன். நாந்தான் கேட்டிருக்கணும். தமிழ் எழுத்து அதுல வருமா வராதான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா, நீங்க பாத்துச் செஞ்சிருப்பீங்க. எனக்குக் கேக்கத் தோணவே இல்ல பாருங்க."

அந்த நோட்டை அவர் மறந்துவிட்டாரா, இல்லை என் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்காக அப்படிச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். இல்லம்மா, நீ கேட்டே, நான்தான் நோட்டை மூடச் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். வாய் ஓயாதவன் என்று பெயர் வாங்கிய நான் வாயைத் திறக்கவில்லை. "விடும்மா, அதெல்லாம் பழசு" என்றேன். என்னவோ நான் அவரை மன்னித்துவிட்டதுபோல.

அவருடைய பஸ் வந்தது. பைகளைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தோடு ஏறிவிட்டார்.

பிறகு விசாரித்தேன். மார்க்கெட்டில் சாதிக் பாயின் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது. வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. தன்னால்தான் அந்தத் தொழில் போயிற்று, தான் ஒரு வார்த்தை கேட்காததால் போயிற்று என்று நினைத்துக்கொண்டு ஷமீம் எங்கேயோ இருக்கிறார்.

அவருக்குக் கேட்கத் தோன்றியது. மறந்துவிடக் கூடாது என்று நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு வந்தார். ஐந்தாவது கேள்வி அதுதான். அவரிடம் சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.